மேற்பரப்பைச் சொல்லாமல் எண்ணைக் கேட்காதீர்கள்: எலக்ட்ரான் உமிழ்வு கேள்வி-பதில்

50 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வருவதெல்லாம் இரண்டாம்நிலை எலக்ட்ரானா?

எலக்ட்ரான் கற்றை ஒரு பொருளைத் தாக்கும்போது அந்தப் பொருளிலிருந்தே கிளம்பி வெளியே வருபவைதான் இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள். 50 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) என்பது வழக்கத்துக்காகப் போட்ட கோடு. அவற்றின் ஆற்றல் பரவலின் உச்சம் 1 முதல் 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

கற்றையின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் உமிழ்வும் கூடுமா?

கூடாது. உலோகங்களில் சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டில் உச்சம், அப்புறம் இறங்குமுகம்தான். வேகமான எலக்ட்ரான் ஆழத்தில் போய் ஆற்றலைக் கொட்டுகிறது. அங்கே கிளம்பும் மெதுவான எலக்ட்ரான்கள் மேலே வருவதற்குள் மோதி மோதி ஓய்ந்துவிடும். உலோகத்தில் தப்பி வருவது மேலே இருக்கிற ஒரு சில நானோமீட்டரிலிருந்து மட்டும்.

செம்பின் ஈல்டு எவ்வளவு? ஒரே எண்ணாகச் சொல்லவும்.

ஈல்டு என்பது உள்ளே போகும் ஒரு எலக்ட்ரானுக்கு வெளியே வருவது எத்தனை என்பது. சரி, எந்தச் செம்பு? இதை எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை. வெற்றிடத்துக்குள்ளேயே சுரண்டிச் சுத்தம் செய்த செம்பு என்றால் உச்சம் சுமார் 1.3. அதே செம்பைக் காற்றில் வைத்து எடுத்து அளந்தால் 2-ஐத் தொடும், ஏனென்றால் நீங்கள் அளப்பது செம்பை அல்ல, அதன்மேல் படிந்த ஆக்சைடையும் ஈரத்தையும் அழுக்கையும். பிறகு எலக்ட்ரான்களால் நீண்ட நேரம் தாக்கினால் 1.1, 1.2 என்று இறங்கிவிடும். லார்ஜ் ஹாட்ரான் கொலைடர் என்ற துகள் முடுக்கியில் கற்றை ஓடும் குழாய்க்குள் எலக்ட்ரான் மேகம் சேர்வதைக் குறைக்க, கற்றையை வேண்டுமென்றே ஓட்டிச் சுவரை இப்படித்தான் பதப்படுத்துகிறார்கள். ஒரே உலோகத்துக்கு மூன்று எண், மூன்றும் சரி! எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஒரு இடத்தை அதிக உருப்பெருக்கத்தில் ஐந்து நிமிடம் ஸ்கேன் செய்துவிட்டுப் பின்வாங்கிப் பாருங்கள், பார்த்த இடம் கருப்புச் சதுரமாகத் தெரியும். மேற்பரப்பில் ஒட்டியிருந்த ஹைட்ரோகார்பன் அழுக்கு, கற்றை பட்டு உடைந்து படிந்த கார்பன் அது. சில நானோமீட்டர் படலம் போதும், எண் மாறிவிடும். அட்டவணையிலிருந்து எடுத்த எண்ணைச் சிமுலேஷனில் போடுகிறவர்கள், அந்தச் சாம்பிள் எப்படிச் சுத்தம் செய்யப்பட்டது என்று தயவுசெய்து பாருங்கள்.

படம் இணைத்திருக்கிறேன், என்ன கோளாறு?

கற்றையின் வோல்ட்டேஜ் இல்லை, சாம்பிள் என்னவென்று இல்லை, பூச்சு உண்டா என்றும் இல்லை. மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

விளிம்புகள் மட்டும் ஏன் பளிச்சென்று தெரிகின்றன?

அங்கே பக்கவாட்டிலும் வெளியேற வழி கிடைக்கிறது. சாம்பிளைச் சாய்த்தாலும் இதே காரணத்தால் சிக்னல் கூடும்.

மெக்னீசியம் ஆக்சைடு உலோகத்தைவிடப் பல மடங்கு உமிழ்கிறது, ஆனால் 20 கிலோவோல்ட்டில் படம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறதே?

மெக்னீசியம் ஆக்சைடு மின்சாரம் கடத்தாத காப்பான். காப்பானில் மெதுவான எலக்ட்ரான் மோதி ஆற்றலை இழக்கக் கடத்து எலக்ட்ரான்கள் கிடையாது, பட்டை இடைவெளியும் (கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) பெரியது. அதனால் பத்து, இருபது நானோமீட்டர் ஆழத்திலிருந்தும் தப்பி வரும். ஈல்டு 10-ஐக்கூடத் தாண்டும். ஆனால் அது தாழ்ந்த ஆற்றலில்தான். 20 கிலோவோல்ட்டில் உள்ளே போவதைவிட வெளியே வருவது குறைவு, எதிர்மின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும். வோல்ட்டேஜைப் படிப்படியாக இறக்குங்கள். போவதும் வருவதும் சமமாகும் இடத்தில் படம் நிலைத்து நிற்கும். பல காப்பான்களுக்கு அது ஒன்றிலிருந்து சில கிலோவோல்ட்டுக்குள் இருக்கும், மேற்பரப்பு சுத்தமாக இருந்தால்.