பரதநாட்டியம் கற்றவர் நாடகத்திலும் சினிமாவிலும் மூவ்மெண்ட் டைரக்டர் ஆக முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

12 வருடம் பரதம் கற்றிருக்கிறேன், மேடைக்கும் திரைக்கும் நடிகர்களின் உடலசைவை அமைக்கும் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பாடுபட்டுக் கற்றதில் ஒரு பகுதியை ஒத்திகைக் கூடத்தின் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நானும் பரதத்திலிருந்து வந்தவள்தான். பத்து வருடமாகச் சென்னையில் நாடகக் குழுக்களுக்கும், இடையிடையே படங்களுக்கும் இந்த வேலையைச் செய்கிறேன். வேலை என்ன என்பதை ஒரு குடத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு படத்தில், தினமும் தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்து வரும் பெண்ணாக நடிக்க நகரத்தில் வளர்ந்த ஒருவர் வந்திருந்தார். நல்ல நடிகை. முதல் நாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்து நடந்து காட்டினார். நெற்றியைத் துடைத்தார், பெருமூச்சு விட்டார், முகத்தில் களைப்பு இருந்தது. குடம் காலி என்பது மட்டும் இடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. 12 லிட்டர் தண்ணீர் இடது இடுப்பில் உட்கார்ந்தால் இடுப்பு அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளும், மேலுடம்பு வலப்பக்கம் சாயும், வலது கை உடம்பை விட்டு விலகித் துடுப்பு மாதிரி வீசும். அடி சின்னதாகிவிடும். தண்ணீர் தளும்பாமல் இருக்க பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். நான் நடிப்பைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. குடத்தை நிரப்பச் சொன்னேன். ஒரு வாரம், தினமும் காலையில் அரை மணி நேரம் நடை. மூன்றாம் நாள் அவர் களைப்பைக் காட்டுவதை நிறுத்திவிட்டார், அவர் கவனமெல்லாம் தண்ணீரில் இருந்தது. ஏழாம் நாள் குடத்தை வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்கச் சொன்னேன். உடம்பு இன்னமும் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு வேண்டியது அந்தச் சாய்வுதான். படத்தில் அவர் குடம் இல்லாமல் வரும் காட்சிகளே அதிகம்.

பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் இருக்கிறார், சண்டைக்கு ஸ்டண்ட் மாஸ்டர் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மீதி எல்லாம் இந்த வேலை. முப்பது வயதுக்காரர் எழுபது வயதுக் கிழவராக நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார், புது மருமகள் அந்த வீட்டில் எந்த அளவுக்கு இடம் எடுத்துக்கொண்டு உட்காருகிறாள், மேடையில் இருபது பேர் எப்போது வெறும் இருபது பேர், எப்போது ஒரு கூட்டம், இப்படி.

இங்கிலாந்து நாடக உலகில் இது பெயரும் சம்பளமும் உள்ள வேலை. லண்டன் நேஷனல் தியேட்டரில் 2007இல் அரங்கேறிய ‘வார் ஹார்ஸ்’ நாடகத்தின் அசைவுகளை அமைத்தவர் டோபி செட்ஜ்விக். ஜோயி என்ற குதிரை, தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு நிஜக் குதிரையின் அளவில் செய்த பொம்மை. தலைக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், பின்னங்கால்களுக்கு ஒருவர் என்று மூன்று பேர் இயக்குவார்கள். அவர்கள் கற்கவேண்டிய முதல் விஷயம், மூவரும் ஒரே மூச்சாக மூச்சு விடுவது. குதிரை சும்மா நிற்கும்போதும் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும், காது சத்தம் வந்த பக்கம் திரும்பும். மூன்று மனிதர்கள் கண்ணெதிரே நிற்கிறார்கள், ஆனாலும் நாம் பார்ப்பது குதிரையைத்தான். வீடியோ கிடைத்தால், குதிரை ஓடும் இடங்களை விட்டுவிட்டு நிற்கும் இடங்களைப் பாருங்கள்.

திரையில் ஒரு உதாரணம்: ‘பொஹீமியன் ராப்சடி’ படத்தில் ‘குயின்’ ராக் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரியாக நடித்த ராமி மாலெக்கோடு வேலை செய்தவர் பாலி பென்னட். மெர்குரியின் மேடை அசைவுகளை அப்படியே பிரதி எடுப்பது வேலையில் ஒரு பாதிதான். அந்த அசைவு ஏன் அந்த உடம்பில் வந்தது என்பது மறுபாதி. மெர்குரி மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் படித்தவர், பள்ளியில் பாக்சிங் செய்தவர், பல்லைப் பற்றிக் கூச்சம் உள்ளவர். இதெல்லாம் தோளிலும் உதட்டிலும் கையிலும் வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து நடிகருக்குக் கொடுப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சரி, நடனம் எங்கே இடைஞ்சலாகிறது? நான் வேலை செய்த முதல் நாடகத்தில் கட்டடத் தொழிலாளர்கள் எட்டுப் பேர் வருவார்கள். கல் சுமப்பது, குனிவது, உட்காருவது எல்லாவற்றையும் நானே செய்து காட்டினேன். அவர்களும் அப்படியே செய்தார்கள். இயக்குநர் பார்த்துவிட்டு, “எட்டுப் பேரும் ஒரே டான்ஸ் கிளாஸிலிருந்து வந்த மாதிரி இருக்காங்கம்மா” என்றார். என் நேர் முதுகு எட்டு முதுகுகளில் ஏறியிருந்தது. அன்றிலிருந்து நான் செய்து காட்டுவதில்லை, கேள்வி கேட்கிறேன். உங்களுக்கு எந்த முழங்கால் வலிக்கும்? எத்தனை வயதிலிருந்து இந்த வேலை? ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள்? பதில் சொல்லும்போதே நடிகரின் உடம்பு மாறத் தொடங்கும். பரதத்திலிருந்து நமக்குக் கடைசி வரை கைகொடுப்பவை தாளம், பார்வையின் நுட்பம், ஒரு உடம்பைத் தனித்தனி அங்கமாகப் பிரித்துப் பார்க்கும் கண். இவை ரொம்பப் பெரிய முதல்.

படிக்க வேண்டிய பெயர்களில், நடனத்திலிருந்து வந்து மனித அசைவையே ஆராய்ந்த ருடால்ஃப் லாபனை முதலில் வைப்பேன். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி 1938இல் இங்கிலாந்து வந்தவர். போர்க்காலத்தில் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்தார். எடை, நேரம், வெளி, ஓட்டம் என்று அசைவைப் பிரித்து, எட்டு அடிப்படைச் செயல்களைச் சொன்னார். நான் அவற்றைத் தமிழில் இப்படிச் சொல்லிக்கொள்வேன்: அழுத்துவது, பிழிவது, குத்துவது, வீசி வெட்டுவது, வழுக்கிச் செல்வது, மிதப்பது, ஒற்றுவது, சுண்டுவது. இன்றைக்கே செய்து பாருங்கள். “வா” என்ற ஒரே சொல்லை, கையால் ஈரத்துணியைப் பிழிந்தபடி சொல்லுங்கள். அப்புறம் விரலால் தூசியைச் சுண்டிவிட்டபடி சொல்லுங்கள். முதல் “வா” சொல்பவளும் இரண்டாவது “வா” சொல்பவளும் ஒரே பெண்ணாக இருக்கமாட்டார்கள்.

பயிற்சிக்கு வெளிநாடுதான் போகவேண்டும் என்பதில்லை. நா. முத்துசாமி 1977இல் தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன நடிகனின் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் நடையையும் நிற்கும் விதத்தையும் கவனித்தாலே அது தெரியும். ஆரோவில் பக்கம் வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடகக் குழுவில், கேரளத்தின் களரிச் சண்டைக்கலையும் கூடியாட்டம் என்ற பழைய நாடக வடிவத்தின் மூச்சுமுறையும் கலந்த பயிற்சி. அங்கேயே தங்கிக் கற்கும் முகாம்கள் நடத்துகிறார்கள். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசைக் கிராமத்துக்குப் போய் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து கூத்துப் பாருங்கள். நடுநிசிக்கு மேல், உடம்பு களைத்த பிறகு, கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியக்காரன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். இங்கே இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகும் ஆசை இருந்தால் பாரிஸில் 1956இல் ஜாக் லெகாக் தொடங்கிய நாடகப் பள்ளியையும், லண்டனின் ராயல் சென்ட்ரல் நாடகப் பள்ளியில் இந்தத் துறைக்கென்றே இருக்கும் முதுகலைப் படிப்பையும் பாருங்கள். கடன் வாங்கிக்கொண்டு முதலிலேயே போவதை நான் ஆதரிக்கமாட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்தப் பணத்துக்குப் பலன்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். இது மட்டுமே சோறு போடும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறேன், வாடகை அதில்தான். தமிழ் சினிமாவில் நுழைய நடைமுறை வழி, படப்பிடிப்புக்கு முன் நடக்கும் நடிகர் வொர்க்‌ஷாப்புகள்தான். நடிப்புப் பயிற்சியாளருக்கு உதவியாளராகப் போங்கள். ஒன்று மட்டும் கவனம். ஒரு படத்தில் இரண்டு மாதம் வேலை செய்தேன், டைட்டிலில் தனியாகப் பெயர் வரும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். தியேட்டரில் பார்த்தால் நன்றிப் பட்டியலில், அதுவும் எழுத்துப் பிழையோடு. அடுத்த வாய்ப்பு கேட்கும்போது காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. என்ன பெயரில், எந்த இடத்தில் கிரெடிட் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் குறைவாக இருந்தால் இதில் இன்னும் பிடிவாதமாக இருங்கள்.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. நெருக்கமான காட்சிகளில் நடிகர்களின் சம்மதத்தை உறுதிசெய்து, யார் கை எங்கே போகும் என்பதை முன்கூட்டியே அமைக்கும் இன்டிமசி கோஆர்டினேட்டர் வேலை. அதற்கான வழிமுறைகளை வகுத்தவர்களில் ஒருவரான இட்டா ஓ’பிரையன் மூவ்மெண்ட் டைரக்டராக இருந்து வந்தவர். நடிகைகள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நின்ற எத்தனையோ படப்பிடிப்புத் தளங்களை நினைத்தால், இந்த வேலை நம் ஊரில் சீக்கிரம் வேரூன்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தனிப் பயிற்சி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் போதும். தினமும் ஒரே பஸ் ஸ்டாப், 20 நிமிடம். ஒருவரை மட்டும் பார்த்து, எடை எந்தக் காலில் இருக்கிறது, பையைத் தூக்கும் முன் மூச்சு என்ன ஆகிறது, பஸ் வரும்போது முதலில் அசைவது கண்ணா, கழுத்தா, இடுப்பா என்று எழுதுங்கள். அப்புறம் உங்கள் ஊரில் நாடகம் போடும் ஏதாவது ஒரு குழுவிடம் போய், ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எந்த ஊர் என்று கருத்தில் சொன்னால், பக்கத்தில் எனக்குத் தெரிந்த குழு எது என்று எழுதுகிறேன்.