கணக்கு வராது என்று எழுதியவர்களுக்கு

சென்ற இதழின் கடைசியில் 'உங்களுக்கும் கணக்குக்கும் என்ன உறவு, எழுதுங்கள்' என்று சும்மா ஒரு வரி போட்டிருந்தேன். பத்துக் கடிதம் வந்தால் அதிகம் என்று நினைத்தேன், ஆனால் கோத்தகிரி தபால்காரர் என்னை முறைக்கும் அளவுக்கு வந்துவிட்டன. அதில் பாதிக்கு மேல் "எனக்குக் கணக்கு வராது சார்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. நான் முப்பத்திரண்டு வருஷம் மலைப்பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், அதனால் எப்போதும் கணக்கின் பக்கம்தான் பேசுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். மலையிலிருந்து வந்த சில கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: சைன் தீட்டா, டேன் தீட்டா எல்லாம் படித்து எந்தக் கடையில் போய்க் கேட்கப் போகிறோம்? எங்க அண்ணன் அதெல்லாம் தெரியாமலே ஜீப் ஓட்டி நன்றாகச் சம்பாதிக்கிறான். (பத்தாம் வகுப்பு மாணவன், கூடலூர்)

தம்பி, எந்தக் கடையிலும் கேட்கமாட்டார்கள். உன் வாழ்நாளில் ஒரு தடவைகூட டேன் தீட்டா போடாமல் நீ நிம்மதியாக இருந்துவிடலாம், அதை மறைத்து உன்னிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் யாரோ ஒருவர் போட்டதால்தான் நம் மலை ரயில் ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அதன் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.28-க்கு 1, அதாவது பன்னிரண்டேகால் மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் டேன் தீட்டா, இங்கே 0.0814, கோணம் ஐந்து டிகிரிகூட வராது! ஜன்னலிலிருந்து பார்க்கும்போது வானத்துக்கே ஏறுவது மாதிரி இருக்கும், கணக்கு நாலரை டிகிரி சொச்சம் என்கிறது. அந்த நாலரைக்கே சாதாரண இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால்தான் நடுவில் பல் தண்டவாளம் போட்டார்கள்.

இன்னொன்று, ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிற, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிற ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-லிருந்து வேலை செய்கிறது. அதை அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் தேடியது ஒரு கோணத்தை. ஊட்டியின் அட்சரேகை பதினொன்று டிகிரி சொச்சம். வடக்கு தெற்காக அதே பதினொரு டிகிரி சரிவுள்ள மலைச்சரிவு ஒன்று கிடைத்தால், அதன் மேல் படுக்க வைக்கிற தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் அதை ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனையோ சரிவுகளைப் பார்த்திருப்பாய், எந்தச் சரிவு எத்தனை டிகிரி என்று ஒரு தடவையாவது தோன்றியிருக்கிறதா? அண்ணனிடமும் கேட்டுப் பார், எந்த வளைவில் எந்த கியர் என்று அவனுக்குத் தெரியும், கோணத்தைத்தான் அவன் காலால் படிக்கிறான்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் வயிற்று வலி வந்துவிடும். நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கிறது. "விடும்மா, எனக்கும் வராது, நம்ம வம்சத்துக்கே வராது" என்று ஆறுதல் சொன்னேன். தப்பா? (ஒரு தாய், குன்னூர்)

ஆறுதல் சொன்னது தப்பில்லை, வம்சத்தை இழுத்ததுதான் தப்பு. வயிற்று வலி நிஜம்தான். பயம் வந்தால், கணக்குப் போட மனதில் இருக்க வேண்டிய இடத்தைப் பயமே அடைத்துக்கொள்ளும். இரண்டு எண்ணைத் தலையில் பிடித்து வைத்திருக்க வேண்டிய நேரத்தில் "மிஸ் கேட்பாங்களோ, எல்லாரும் சிரிப்பாங்களோ" என்று ஓடினால், தெரிந்த விடையும் போய்விடும். அதைப் பார்த்து 'வராது' என்று முடிவு கட்டுகிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. நானே ஒரு பிள்ளையை அப்படி நிற்க வைத்தவன். பெயரும் ஊரும் வேண்டாம். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருகிற பெண், ஏழாம் வகுப்பு. போர்டு பக்கத்தில் கூப்பிட்டு ஏழெட்டு எத்தனை என்றேன். வாயைத் திறக்கவில்லை. மணி அடிக்கிற வரை அப்படியே நிற்க வைத்தேன், அப்போது எனக்கு அது கண்டிப்பு என்று தோன்றியது. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயந்திரம் எடைக்கொட்டகைப் பக்கம் போனால் அதே பெண் அம்மாவோடு நிற்கிறாள். மூன்று மூட்டை இலை, 19, 23, 17. மூட்டைக்கு இரண்டு கிலோ சாக்குக் கழிவு. எடை எழுதுகிறவர் 51 என்று எழுதினார். "அண்ணே, 53" என்றாள். நான் மனதில் கூட்டி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள். அவர் திரும்பப் பார்த்து, அடித்து, 53 என்று எழுதினார். என்னைப் பார்த்ததும் பழையபடி வாயை மூடிக்கொண்டு அம்மா பின்னால் போய் நின்றுகொண்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த இரண்டு கிலோ இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் அம்மா, மகளிடம் ஒன்று செய்து பாருங்கள். நேரம் பார்க்காமல், பக்கத்தில் யாரும் இல்லாமல், சமையலறையில் உட்கார வைத்து நாலு கணக்கு கொடுங்கள். தப்பாகப் போட்டால் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அங்கேயும் தடுமாறினால் ஏதோ ஒரு அடிப்படை விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் பின்னமாகத்தான் இருக்கும், பின்னால் போய்ப் பிடிக்கலாம். அங்கே சரியாகப் போட்டால் அவளுக்குக் கணக்கு வருகிறது என்று அர்த்தம், அடுத்து டீச்சரிடம் பேச வேண்டியது நீங்கள்.

கேள்வி: ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். போன சீசனில் இலை விலை 20 சதவீதம் இறங்கியது, இப்போது 20 சதவீதம் ஏறிவிட்டது, பழைய விலைக்கே வந்துவிட்டது என்று ஏஜெண்ட் சொல்கிறார். கையில் வாங்கும்போது மட்டும் குறைகிறது. எங்கே போகிறது? (சிறு விவசாயி, கோத்தகிரி பக்கம்)

ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். கணக்குக்காக 30 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் இறங்கினால் 24. இப்போது 20 சதவீதம் ஏறுவது 30 மேல் இல்லை, 24 மேல். அது 4 ரூபாய் 80 காசு. ஆக 28.80. கிலோவுக்கு 1 ரூபாய் 20 காசு எங்கும் போகவில்லை, சதவீதம் என்ற சொல்லுக்குள்ளேயே காணாமல் போய்விட்டது. 24 திரும்ப 30 ஆக வேண்டுமென்றால் 25 சதவீதம் ஏற வேண்டும்.

சதவீதம் என்று யாராவது சொன்னால் உடனே 'எதில்?' என்று கேளுங்கள். மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு பிடிப்பார்கள் இல்லையா, அங்கேயும் இதே கேள்விதான். 100 கிலோவுக்கு முதலில் 10 சதவீதம், அப்புறம் தரத்துக்கு 5 சதவீதம் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் 85 கிலோ 500 கிராம் நிற்க வேண்டும், மொத்தமாக 15 என்று பிடித்தால் 85. அரை கிலோதானே என்று தோன்றும். வருஷம் முழுக்க எத்தனை மூட்டை போடுகிறீர்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற விலையை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் கைக்கு வந்த விலையையும் எழுதிக்கொண்டே வாருங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம், அந்த நோட்டு வீட்டில் இருப்பது தெரிந்தாலே சில கழிவுகள் தானாகக் குறையும்.

கேள்வி: எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். கணக்கென்றால் இன்றைக்கும் கை நடுங்கும். மதுரையிலிருந்து கொடைக்கானல் வந்து ஹோம்ஸ்டேயில் சமைக்கிறேன், சீசனில் அறுபது பேர். மதுரையில் மூன்று விசிலில் வெந்த பருப்பு இங்கே ஐந்து கேட்கிறது, தண்ணீரும் கணக்குப்படி ஊற்றினால் சோறு குழைந்துவிடுகிறது. (சமையல்காரம்மா, கொடைக்கானல்)

நீங்கள் எழுதியதில் இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டையும் ஏற்கெனவே போட்டும்விட்டீர்கள். முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கிற வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கொடை 2,100 மீட்டருக்குப் பக்கம், அதனால் அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் மதுரையைவிட மூன்று நான்கு டிகிரி கம்மிதான். அந்தக் குறையைத்தான் இரண்டு விசிலால் ஈடுகட்டுகிறீர்கள்.

தண்ணீர் விஷயம் இன்னும் சுவாரசியம். பத்துப் பேருக்கு இவ்வளவு, அறுபது பேருக்கு ஆறு மடங்கு என்று ஊற்றியிருப்பீர்கள். அரிசி குடிக்கிற தண்ணீர் ஆறு மடங்குதான். ஆவியாகப் போகிற தண்ணீர் அப்படியில்லை, அது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. அதே வடிவத்தில் ஆறு மடங்கு கொள்ளும் அண்டா எடுத்தால் வாயின் பரப்பு மூன்று மடங்கு சொச்சம்தான் வரும். ஆறு மடங்குக்கு ஊற்றி மூன்று மடங்கு போனால் மிச்சம் சோற்றில்தானே நிற்கும்! கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். இதை நான் படித்த கல்லூரியில் பாடமாக நடத்தியபோது பாதி வகுப்பு தூங்கியது.

கேள்வி: எல்லை தாண்டினால் கேரளா லாட்டரி. எந்த நம்பர் அதிகம் விழும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா சார்? (வாசகர், பந்தலூர்)

முடியும். எல்லா நம்பரும் ஒரே அளவுதான் விழும். கடைசி நான்கு இலக்கம் பொருந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, தினம் ஒரு சீட்டு வாங்கினால் சராசரியாக 27 வருஷத்துக்கு ஒரு தடவை. நம் மாநிலத்தில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்து விற்கிறவரிடம் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எங்க பாட்டி மாகாணி, அரைக்கால் என்று வாயாலேயே கணக்குப் போடுவார். அது என்ன கணக்கு? (வாசகி, வத்தலக்குண்டு சாலை)

அரைக்கால் என்றால் காலில் அரை, எட்டில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டுங்கள், எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதுதான் மாகாணி. சொல்லிலேயே கூட்டல் இருக்கிறது! ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓர் அணா ஒரு மாகாணி. 1957-ல் நூறு காசு வந்ததும் இதெல்லாம் பாட்டிகளோடு நின்றுவிட்டது. பாட்டி இருக்கும்போதே முழு வாய்ப்பாட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேரட் போட 1,20,000 ரூபாய் கடன் வாங்கினேன். 'ஒரு வட்டிதான்' என்றார்கள். மாதம் 11,200 வீதம் பன்னிரண்டு தவணை. நியாயமான வட்டிதானே? (வாசகர், ஊட்டி அருகே)

பன்னிரண்டு தவணைக்கு 1,34,400 கட்டுகிறீர்கள், வட்டி 14,400. லட்சத்து இருபதாயிரத்துக்கு வருஷத்தில் 12 சதவீதம், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் அந்த லட்சத்து இருபதாயிரம் வருஷம் முழுக்க உங்களிடம் இருந்ததா? முதல் மாதம் மட்டும்தான். மாதம் பத்தாயிரம் அசல் திரும்பப் போகிறது, கடைசி மாதம் உங்கள் கையில் இருக்கிற அவர்கள் பணம் பத்தாயிரம். சராசரி 65,000. அதற்கு 14,400 வட்டி என்றால் 22 சதவீதம், துல்லியமாகப் போட்டால் இருபத்தொன்றரை. கிட்டத்தட்ட 'இரண்டு வட்டி'. முதலில் வாங்கிய தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவதை ஃபிளாட் வட்டி என்பார்கள், கடன் வாங்கும் முன் கேட்க வேண்டியது 'குறைந்து வருகிற நிலுவைக்கு எத்தனை சதவீதம்' என்று.

வாங்கியாகிவிட்டது, சரி. முன்கூட்டியே அடைத்தால் மீதி வட்டியைக் கழிப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பத்திரத்தில் பாருங்கள். புரியாவிட்டால் தவணை அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு. அடுத்த இதழுக்குள் வரிவரியாகப் போட்டு அனுப்புகிறேன்.