வாசகர் கேள்வி பதில்: பிரெட் சுடக் கற்க எந்தப் புத்தகம்?

கேள்வி: வீட்டிலேயே பிரெட் சுடக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். கேக், பிஸ்கட் செய்து பழக்கம் உண்டு; ஈஸ்ட் சேர்த்த மாவை இதுவரை தொட்டதில்லை. கடையில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளும் அழகிய படங்களும் கொண்ட ஒரு தடித்த புத்தகத்தையும், இருபது செய்முறைகள் மட்டுமே உள்ள ஒரு புத்தகத்தையும் பார்த்தேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: செய்முறைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கு மட்டுமே சேரும் சாதாரண பிரெட்டுக்கு அந்தப் புத்தகம் எத்தனை பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்து, கடையிலேயே அந்த ஒரு செய்முறையை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படியுங்கள். அது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டால், மற்ற பக்கங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது புதிதாகக் கற்பவருக்கான புத்தகம் அன்று.

கேக்கில் அளவும் நேரமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் எதிர்பார்த்தது கிடைத்துவிடும். பிரெட் மாவில் வேலை செய்வது உயிருள்ள ஈஸ்ட் என்பதால், வெதுவெதுப்பான அறையில் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகும் மாவு, குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். ஆகவே “ஒரு மணி நேரம் மூடி வைக்கவும்” என்று மட்டும் சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடும் புத்தகம் உங்களுக்கு உதவாது. மாவு எவ்வளவு உப்ப வேண்டும், தொட்டால் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். வடிவம் கொடுத்து வைத்த மாவை விரலால் மெல்ல அழுத்தும்போது குழி உடனே நிரம்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக, பாதியளவே மேலெழுந்தால் ஓவனில் வைக்கலாம். குழி அப்படியே நின்றுவிட்டால் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. இத்தகைய அடையாளங்களை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருக்கும் ஆசிரியரை நான் முழுமையாக நம்புவேன், ஏனெனில் அவர் உங்கள் சமையலறை தம்முடையதைப் போல இருக்காது என்பதை நினைவில் வைத்து எழுதியிருக்கிறார்.

அடுத்து, அளவுகள் கிராமில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஒரு கப் மாவு, அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம். 500 கிராம் மாவுக்கு 350 கிராம் தண்ணீர் என்றால் தண்ணீர் மாவின் எடையில் 70 சதவீதம். அதே தண்ணீரில் மாவு கால் பங்கு கூடிவிட்டால் அது 56 சதவீதமாகிவிடும். முன்னது கையில் ஒட்டும் மென்மையான மாவு, பின்னது இறுகிய மாவு. தேர்ந்த பேக்கர்கள் மாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற பொருள்களை அதன் சதவீதமாகக் கணக்கிடுவது இதனால்தான். இந்தக் கணக்கை விளக்கும் புத்தகம் கிடைத்தால் மிக நல்லது. அச்சுப் பிழைகளைக் கண்டுபிடிக்கவும் அது உதவும்: உப்பு வழக்கமாக 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், 500 கிராம் மாவுக்கு 10 கிராம். அங்கே 25 கிராம் என்று அச்சாகியிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

ஈஸ்ட் எந்த வகை என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உலர்ந்த மணிகளாக வரும் இன்ஸ்டன்ட் ஈஸ்டுக்குப் பதிலாக, ஈரமான கட்டியாக வரும் புதிய (ஃபிரெஷ்) ஈஸ்ட் சேர்த்தால் எடையில் ஏறக்குறைய மூன்று மடங்கு தேவைப்படும்.

படங்களைப் பொறுத்தவரை, சுட்டு முடித்த பிரெட்டின் படத்தைவிட, பிசைந்து முடித்த மாவு, உப்பிய மாவு, மாவை மடித்து உருட்டும் கைகள் ஆகியவற்றின் படங்களே கற்பவருக்குப் பயன்படும்.

பெயர் சொல்ல வேண்டுமானால், பீட்டர் ரைன்ஹார்ட் 2001இல் வெளியிட்ட ‘தி பிரெட் பேக்கர்ஸ் அப்ரென்டிஸ்’ பிரெட் உருவாவதை 12 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறது. செய்முறைகளுக்கு முன்னால் வரும் அந்த விளக்கப் பகுதியைத் தாண்டிச் செல்லாமல் படிப்பவருக்கு அது ஏற்றது. நீங்கள் பார்த்த இரண்டில், இருபது செய்முறைகள் கொண்டது மேலே சொன்னவற்றில் தேறினால் தயங்காமல் அதையே வாங்குங்கள்.

கேள்வி: ஈஸ்ட் வாங்காமல், சவர்டோ (வீட்டிலேயே புளிக்க வைத்த கலவையால் உப்பும் பிரெட்) பற்றிய புத்தகத்திலிருந்தே தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சவர்டோவில் ஈஸ்டுக்குப் பதிலாகச் சேரும், மாவும் தண்ணீரும் கலந்து வைத்த புளிப்புக் கலவை தன் முழு வலிமையைப் பெற ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். முதல் பிரெட் கல்லாக வந்தால் பிசைந்ததில் குறையா, பொறுத்திருந்ததில் குறையா, கலவையே இன்னும் தயாராகவில்லையா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது. கடை ஈஸ்டில் அந்த மூன்றாவது ஐயம் பெரும்பாலும் இருக்காது. இரண்டையும் கற்பிக்கும் புத்தகமாக, சவர்டோ பகுதி பின்னால் வருவதாக வாங்கினால், ஒரே சாதாரண பிரெட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டுக் கைப்பழக்கம் வந்த பிறகு அந்தப் பகுதிக்குப் போகலாம்.