படித்துறையில் ஒரு நாகஸ்வரக் குழு

அன்புள்ள ஐயா,

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். என் மாமா நாகஸ்வரக் குழு வைத்திருக்கிறார்: இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. தை முகூர்த்தங்களுக்கு நோட்டீஸ் அடிக்க ஒரு படம் கேட்டார். காவிரிப் படித்துறையில் மத்தியானம் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி மொபைலில் எடுத்தேன். முகமெல்லாம் கறுத்து, வேட்டியெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. "வாத்தியக் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது" என்கிறார் மாமா. எப்படி எடுக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நிறுத்தி எடுக்காதீர்கள், வாசிக்க வைத்து எடுங்கள். நாயனத்தைச் சும்மா வாயில் வைத்திருப்பவரின் கன்னம் சப்பிக் கிடக்கும். விரல்கள் ஏழு துளைகளின் மேலும் கடனே என்று இருக்கும். நம் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நோட்டீஸைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப்போவதும் அவர்கள்தானே?

சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி ஒன்றை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் எல்லோரும் கேமராவுக்காக வாசிப்பார்கள், அதையெல்லாம் விட்டுவிடுங்கள். தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கும்போது உங்கள் வேலை தொடங்குகிறது.

தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றி, கல்லாகக் காயவைத்த கூடுகள். மாட்ட நேரமாகும் என்பதால் "படத்துக்குத்தானே" என்று வெறும் விரலோடு உட்கார்ந்துவிடுவார்கள். விடாதீர்கள். இடது கையில் கழியும் இருக்கவேண்டும். அந்த விரல்கள் ஓடுகிற வேகத்துக்கு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும். கொஞ்சம் கலங்கினாலும் மோசமில்லை. தவிலின் வலது முகமான வலந்தலைக்கு மேல் அசையாமல் நிற்கும் கையைவிட அது எவ்வளவோ மேல்.

உட்காரவைப்பதில்தான் சிக்கல். நாகஸ்வரம் நீளம், தவில் அகலம். தோளில் வார் போட்டுத் தவிலோடு நிற்பது சுவாமி புறப்பாட்டுக்குச் சரி, இந்தப் படத்துக்கு வேண்டாம். படியில் ஜமக்காளம் விரித்து, நாயனக்காரர்களை ஒரு படி மேலேயும் தவில்களைக் கீழே இரு பக்கமும் வையுங்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வழக்கத்துக்குக் கொண்டுவந்த பாரி நாயனம் இரண்டரை அடிக்கும் மேல் நீளம். அது நேராக உங்களைப் பார்த்தால் படத்தில் குழலின் நுனியில் விரிந்திருக்கும் அணைசு மட்டும் தாம்பாளம்போல் விழும். குழலும் இராது, முகமும் இராது. நாயனக்காரர்களைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். நீங்களும் பத்தடி தள்ளிப்போய் எடுங்கள், கிட்டே போய் அகல லென்ஸில் வேண்டாம்.

வெளிச்சத்துக்கு மார்கழிக் காலையைவிட நல்ல நேரம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதம், கோயில் வாசிப்பு முடிந்தால் கையும் ஓய்வு. வடகரைப் படித்துறையில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தால் தென்கிழக்கிலிருந்து வரும் இளவெயில் முகத்தில் சாய்வாக விழும். தென்கரையென்றால் வெயில் முதுகுப்பக்கம் போய்விடும். அங்கே பனி விலகுவதற்குள் முடித்துவிடுங்கள். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்து, வேட்டியின் மடிப்பு தெரிகிற வரைக்கும் வெளிச்சத்தைக் குறையுங்கள். மத்தியானம் தவிலுக்கும் ஆகாது: ஏற்கெனவே விறைப்பாக இழுத்துக் கட்டிய வலந்தலைத் தோல் வெயிலில் இன்னும் இறுகும். நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியும் காய்ந்துபோகும்.

பின்னணியில் தென்னந்தோப்பின் இருட்டு வேண்டாம். உங்களுக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் கடைந்து 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம், ஆச்சா மரம். கறுத்த குழல் அந்த இருட்டில் காணாமல் போகும். மணலோ வெளுத்த வானமோ பின்னால் இருக்கட்டும். சீவாளி செருகுகிற கெண்டையிலிருந்து தொங்கும் சீவாளிக் கொத்தைச் சட்டைக்குள் ஒதுக்கச் சொல்லாதீர்கள், அதுவும் படத்தில் வரட்டும்.

இன்னொன்று. நோட்டீஸில் நாயனக்காரர் பெயரை முழங்கை உயரத்துக்குப் போட்டுவிட்டு, மற்றவர்களை "குழுவினர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தவில்காரர்கள், தாளக்காரர், சுருதிப்பெட்டி போடுகிறவர் எல்லோர் பெயரையும் படத்துக்குக் கீழே உட்கார்ந்த வரிசைப்படி போடச் சொல்லி மாமாவிடம் பேசிப்பாருங்கள்.