கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் படிக்கப் போகவா?

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ்., வயது 51. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தனியாக கிளினிக் நடத்துகிறேன். மதுரையில் சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) கூட்டம் என்றால் அன்று கிளினிக்கை மூட வேண்டும். போய் உட்கார்ந்தால் ரோபோ அறுவை சிகிச்சை, புது ஸ்டென்ட் என்று பேசுகிறார்கள். சர்டிபிகேட்டுக்காகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். படிப்பு கல்லூரியோடு நின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

- பெயர் வேண்டாம்

பதில்: பயம் இருக்கிறதல்லவா, அப்படியென்றால் படிப்பு நிற்கவில்லை, டாக்டர்.

5 வருடத்தில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மாதத்துக்கு அரை மணிதான் வருகிறது. அந்த அரை மணிக்காக ஒரு நாள் வருமானத்தை விட்டு பஸ் ஏற வேண்டியிருப்பதுதான் தொல்லை. மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பெஷலிஸ்ட்கள். நீங்கள் அனுப்பிவைத்த நோயாளியைத்தான் அவர்களுக்குத் தெரியும். அனுப்பலாமா, நாமே பார்க்கலாமா என்று நீங்கள் தவித்த ஐந்து நிமிடத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. குறை உங்களிடம் இல்லை.

இந்த இடைவெளியில்தான் மருந்துக் கம்பெனி அனுப்பும் மெடிக்கல் ரெப் வாத்தியாராகிவிடுகிறார். கம்பெனியிடம் பரிசும் பயணச் செலவும் வாங்கக்கூடாது என்று 2009-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் இரண்டு நிமிடத்தில் படம் காட்டிச் சொல்லிவிட்டுப் போகும் பாடத்துக்கு அந்த விதி குறுக்கே நிற்பதில்லை. பழைய மருந்தைவிட இது எவ்வளவு மேல், விலை எவ்வளவு கூடுதல் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சட்டென்று சுருங்கிவிடும்.

சந்தா கட்டிப் படிக்கும் இதழ்களும் உங்களுக்கு எட்டாது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறக்குறைய 13,000 இதழ்கள் உண்டு; ஆனால் அது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். தெருமுனை கிளினிக்கை யாரும் நினைக்கவில்லை.

ஆகவே உங்கள் மேஜையிலிருந்தே தொடங்குங்கள். அன்றன்று தடுமாற வைத்த ஒரு கேள்வியை மட்டும் குறித்து வையுங்கள். இரவில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வெளியிட்டிருக்கும் சிகிச்சை வழிகாட்டித் தாள்களில் தேடுங்கள். பெரும்பாலும் நோய்க்கு ஒரு பக்கம்தான், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும், காசு கிடையாது. ஆன்டிபயாட்டிக் சந்தேகத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட 'அவேர்' கையேடும் இலவசம். நீங்கள் அனுப்பிய நோயாளி திரும்பி வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, உங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

முறையாகவே படிக்கத் தெம்பிருந்தால் வேலூர் சி.எம்.சி. குடும்ப மருத்துவத்தில் நடத்தும் இரண்டு வருட தொலைதூர டிப்ளமோவை விசாரியுங்கள்.

மேஜையில் இப்படிப் படிப்பதெல்லாம் அந்த 30 மணிக் கணக்கில் சேராதே என்பீர்கள். உண்மைதான், அதற்கு மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்த கூட்டம்தான் கணக்கு. பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரோடு பேசி, அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் அவர் நோயாளிகளை நீங்களும், நீங்கள் போகும் நாளில் உங்களவர்களை அவரும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியை இழுத்துக்கொள்வாரோ என்ற கலக்கம் இருக்கும். இரண்டு பக்கமும் இருப்பதால் அது பெரிதாக வளராது.

உங்கள் மருத்துவச் சங்கக் கிளையில் அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பு கேட்டால் 'தலைசுற்றல்' என்று எழுதிக் கொடுங்கள். யாரையெல்லாம் தன்னிடம் அனுப்ப வேண்டியதில்லை என்பதை மட்டும் அந்த ஸ்பெஷலிஸ்ட் ஒரு மணி நேரம் பேசட்டும்.