மேசை மைக் எட்டையும் திறந்தால் கூவுகிறது: கடலோரக் கூட்ட அறைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கத்தில் மீனவர் சங்கம் ஒன்றின் செயலாளர் எழுதியிருக்கிறார். “எங்கள் அறை 40 அடிக்கு 20 அடி. ப வடிவில் மேசை போட்டு நிர்வாகிகள் 14 பேர் உட்காருகிறோம். எதிரே உறுப்பினர்கள் 40 பேர் வரை. கூஸ்நெக் (வளைத்துத் திருப்பக்கூடிய கழுத்து) வைத்த கம்பியில்லா மைக் எட்டு வாங்கினோம். எல்லாவற்றையும் திறந்தால் கூவுகிறது. சத்தத்தைக் குறைத்தால் ஓரத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. அடிக்கடி விட்டுவிட்டுப் போகிறது. அதிகாரிகளுடன் வீடியோ கால் பேசினால் அவர்கள் குரலே அவர்களுக்குத் திரும்பிக் கேட்கிறதாம். ஒரு வருடத்துக்குள் மூன்று மைக்கில் சார்ஜ் ஏறவில்லை. இன்னும் நாலு மைக் வாங்கினால் சரியாகுமா?”

பதில்: வாங்காதீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்கில் ஏறிச் சுற்றுவதுதான் கூவல். மைக் கூடக் கூட அதுதான் கூடும்.

திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், கூவாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறைகிறது. ஒன்று இரண்டானால் 3, நான்கானால் 6, எட்டானால் 9. எட்டையும் திறந்து வைத்துவிட்டு வால்யூமைத் திருகினால், ஒற்றை மைக்கில் தாராளமாக எட்டியிருக்கும் சத்தத்துக்கு வெகு முன்பே கூவும். அதோடு பேசாத ஏழு மைக்கும் ஃபேன் இரைச்சலையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும். கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது கணக்கு தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் மைக்குக்குக் கிடைக்கும் குரல் 6 டெசிபல் குறையும். ஒன்றரைச் சாண், அதாவது 35 சென்டிமீட்டர் தூரத்தில் பேசுகிறவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டால் தூரம் 70 சென்டிமீட்டர் ஆகிவிடும். ‘ஓரத்தில் இருப்பவர் கேட்பதில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றுகிறோம், உடனே கூவுகிறது. மைக் தலை வாயிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள், வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’, ‘ப்ப’ என்னும்போது வரும் காற்று அப்போது மைக்கில் மோதாது.

உங்கள் மேசையின் இரு கைகளும் தலா 14 அடி, தலைப்பக்கம் 8 அடி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 36 அடி. எட்டு மைக்குக்கு நாலரை அடிக்கு ஒன்று. பக்கத்து மைக் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது. 40 சென்டிமீட்டருக்கு மூன்று மடங்கு 120, கிட்டத்தட்ட 4 அடி. ஆக இருக்கும் எட்டே போதும். தலைவருக்குத் தனியாக ஒன்று, மற்றவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒன்று. பேசுகிறவர் மைக்கின் கழுத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் வருவதற்குக் கூட்டத் தொடக்கத்தில் ஒரு முறை சொன்னால் போதாது. மைக் அடியிலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறக்கலாம் என்று வரம்பு வைக்கும் வசதி பல கான்ஃபரன்ஸ் செட்டுகளில் உண்டு. இருந்தால் இரண்டு என்று வையுங்கள், தலைவர் மைக்குக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லையென்றால் ஆட்டோமிக்சர் வாங்கலாம். பேசுகிற மைக்கை மட்டும் தானே தூக்கி மற்றதைத் தாழ்த்தும். வாங்கும் முன், மைக்குகளின் அலையை வாங்கும் பெட்டியான ரிசீவரின் பின்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு மைக்குக்கும் தனி அவுட்புட் இருந்தால்தான் ஆட்டோமிக்சருக்கு வேலை. எட்டும் உள்ளேயே கலந்து ஒரே அவுட்புட்டாக வந்தால் அதைப் பிரிக்க வழியில்லை, பணம் வீண்.

ஸ்பீக்கரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இரண்டு பெட்டி மாட்டும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. மைக்கின் முகம் பார்க்கும் திசையிலிருந்தே ஸ்பீக்கர் சத்தம் வந்தால் கூவாமல் என்ன செய்யும்? இந்த மைக்குகளுக்கு முன்பக்கம்தான் காது, பின்பக்கம் மந்தம். மேசையில் இருக்கும் 14 பேருக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்கு நேராகவே கேட்கும். எதிரே இருக்கும் 40 பேருக்குத்தான் ஸ்பீக்கர் வேண்டும். எனவே மேசையின் திறந்த முனைக்கும் முன்னால், உறுப்பினர்களைப் பார்த்தபடி இரு பக்கச் சுவரிலும் மாட்டுங்கள். மைக்குகள் ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் வந்துவிடும். மற்ற எதையும் தொடாமல் இதை மட்டும் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

இனி விட்டுவிட்டுப் போவது. மைக்கின் அடியில் உள்ள லேபிளில் எந்த அலைவரிசை என்று போட்டிருக்கும். 703 முதல் 803 மெகாஹெர்ட்ஸுக்குள் என்றால், ரிசீவரை எங்கே மாற்றி வைத்தாலும் தொல்லை முழுக்கத் தீராது. 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி முடிந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 5ஜி சேவைக்கு விற்கப்பட்டது. டவர் அனுப்புவது 758 முதல் 803 வரை, சட்டைப் பையில் இருக்கும் போன் அனுப்புவது 703 முதல் 748 வரை. 740 முதல் 790 வரை வேலை செய்யும் மைக்குகள் இன்னமும் கடைகளில் கிடைக்கின்றன. விலை குறைவென்று அதை எடுக்காதீர்கள்.

இந்தக் கரைக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. சங்க அறையில் படகுகளுடன் பேசும் வி.எச்.எஃப். செட் இருந்தால், அதன் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கு 470.4. இத்தகைய செட்டுகள் பேசும்போது மூன்று மடங்கு அலைவரிசையிலும் கொஞ்சம் கசியும். ஆகவே 470 முதல் 486 வரை மைக்குக்கு வேண்டாம், வி.எச்.எஃப். ஆன்டெனாவும் மைக் ரிசீவரும் ஒரே மூலையில் இருக்கவும் வேண்டாம். இன்னொன்று, கடல் மீது அலைகள் வெகுதூரம் வரும். ஆன்டெனா வைத்து இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்த கரை இது. காலையில் சுத்தமாக இருக்கும் சேனலில் மாலையில் அக்கரையின் அலை ஏறி நிற்கலாம். அதனால் சேனல் தேடுவதைக் கூட்டம் நடக்கும் அதே நேரத்தில், அதே அறையில் செய்யுங்கள்.

செய்யும் விதம்: எட்டு மைக்கையும் அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு சேனலிலும் சிக்னல் விளக்கைப் பாருங்கள். மைக் அணைந்திருக்கும்போதே விளக்கு எரிந்தால் அந்தச் சேனல் வேண்டாம். சுத்தமானதில் முதல் மைக்கைப் போட்டு, அதை அணைக்காமல் அடுத்ததற்குத் தேடுங்கள். சேனல்களைச் சம இடைவெளியில் அடுக்கக் கூடாது. 520, 521, 522 என்று மூன்று வைத்தால், 521இன் இரு மடங்கிலிருந்து 520ஐக் கழித்தால் 522 வருகிறது. அதாவது முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதின் தலையில் இரைச்சலைக் கொட்டும். ரிசீவரிலேயே ‘குரூப்’ என்று கணக்குப் போட்டுப் பிரித்த பட்டியல் இருக்கும். எட்டையும் ஒரே குரூப்புக்குள் வையுங்கள்.

ரிசீவரை பீரோவுக்குள்ளோ மேசைக்கு அடியிலோ வைக்காதீர்கள். மனித உடம்பும் இரும்பும் அலையைத் தின்றுவிடும். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், மைக்குகள் கண்ணுக்குத் தெரியும் சுவரில் சிறு பலகை அடித்து வையுங்கள். ஆன்டெனா இரண்டும் இரு பக்கமும் 45 பாகை சாய்ந்திருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்காக இருந்தால், அறையின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது முதல் வேலை.

வீடியோ கால் எதிரொலிக்குக் காரணம் இரண்டு. மிக்சரிலிருந்து (ஒலிகளைக் கலக்கும் பெட்டி) லேப்டாப்புக்குப் போகும் கலவையில் லேப்டாப்பின் சத்தமும் கலந்திருக்கலாம். மெயின் அவுட்டை லேப்டாப்புக்குக் கொடுக்காமல், தனிக் கலவை அனுப்பும் ஆக்ஸ் அவுட்டைக் கொடுங்கள். அந்த ஆக்ஸில் மைக் சேனல்களை ஏற்றி, லேப்டாப் சேனலை முழுக்க இறக்கிவிடுங்கள். லேப்டாப்பின் சொந்த மைக்கும் ஸ்பீக்கரும் அணைந்திருக்க வேண்டும். அடுத்தது, ஸ்பீக்கரில் வரும் அதிகாரியின் குரல் திறந்த மைக்கில் ஏறித் திரும்பிப் போவது. செயலியில் எதிரொலி நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் மைக்குகள் மாறி மாறித் திறந்து மூடும்போது அது தடுமாறும். எதிர்முனை பேசும்போது எல்லா மைக்கும் மியூட்டில் இருப்பதே செலவில்லாத தீர்வு.

சார்ஜ் ஏறாததற்கு உப்புக்காற்றுதான் முதல் சந்தேகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். மைக்கின் அடியில் இருக்கும் சிறு பித்தளை முனைகளில் அந்த உப்புநீர் படர்ந்து, மேற்பூச்சை அரித்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். சார்ஜரின் ஸ்பிரிங் முனையிலும் அதேதான். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து இரு பக்கமும் துடையுங்கள். பஞ்சில் பச்சை வருவது நிற்கும்வரை. பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சப் பூச்சும் போய், அடுத்த மாதமே இன்னும் மோசமாகும். துடைத்த பிறகும் ஏறவில்லை என்றால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

மைக்கைத் திறந்த அலமாரியில் வைக்காமல், ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 100 கிராமுடன் வையுங்கள். நிறம் மாறும் ஜெல்லாக வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று தெரியும். ஏசி அறை என்றால் கூட்டம் முடிந்து ஜன்னலைத் திறந்தவுடன் குளிர்ந்த மைக்கில் ஈரம் பூக்கும். அரை மணி நேரம் காற்றாட விட்டு, அப்புறம் டப்பாவில் போடுங்கள். ஈரம் தங்கிய மைக்கில்தான் ‘படபட’ என்று பொரியும் சத்தம் வரும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கூட்டம் அடுத்தடுத்து இருக்கும், சார்ஜரில் வைத்தே எடுக்கலாம். படகு கடலுக்குப் போய் அறை வாரக்கணக்கில் பூட்டியிருக்கும் காலத்தில் சார்ஜரில் விடாமல், லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். பென்சில் செல் போடும் மைக் என்றால் செல்லைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்பாஞ்ச் மூடியை எந்த மைக்கிலும் கழற்றாதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் பக்கத்து மைக்கிலும், ஃபேனுக்கு நேர் கீழே இருப்பதிலும் காற்று ‘குபுகுபு’வென்று ஏறும். மிக்சரில் லோ-கட் பொத்தானைப் போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பேச்சுக்கு அதனால் குறை வராது.

நாலு மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஸ்பீக்கரை இடம் மாற்றுங்கள், சுவர்ப் பலகை அடியுங்கள். உங்கள் செட் 700 மெகாஹெர்ட்ஸ் ரகம் என்று தெரிந்தால் மிச்சத்தைச் சேர்த்து வைத்து, 520 முதல் 600 மெகாஹெர்ட்ஸுக்குள் சேனல் மாற்றக்கூடிய, கழற்றி மாட்டும் ஆன்டெனாவும் மைக்குக்குத் தனித்தனி அவுட்புட்டும் உள்ள செட்டாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் பணம் கொடுக்கும் முன், அறைக்கே கொண்டுவந்து மாலைக் கூட்ட நேரத்தில் எட்டையும் ஒன்றாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.