பயணத்தை எழுதி வைத்தால் பார்வை விரியுமா?

'பயணம் போவதும் அதைப் பதிவு செய்வதும் ஒருவருடைய பார்வையை உண்மையிலேயே விரிவாக்குமா, இல்லை சும்மா சொல்கிறார்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயணம் மட்டும் போதாது என்பது என் கட்சி. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, புறப்படும்போது வைத்திருந்த அபிப்பிராயங்களை ஒரு கீறல்கூட விழாமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் பல வருடங்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். வெளியே இழுத்துப் போட்டது ஒரு நோட்டுப் புத்தகம்.

மொழி தெரியாத ஓர் ஊருக்குத் தனியாகப் போயிருந்தேன். முதல் நாள் இரவு எழுதியது இது: "அரை மணி நேரம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிக்கவே தெரியாது. திமிர்." கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள் வேறு.

ஆறாம் நாள் பக்கம், ஈரம் பட்டு மை கலைந்திருக்கிறது: "குடையை கவுன்டரிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். அதே பெண். என் குடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை விரிக்காமல், மழையில் நனைந்தபடி ஓடி வந்திருக்கிறார். நீட்டினார், திரும்பிப் போய்விட்டார். அப்போதும் சிரிக்கவில்லை."

சில மாதங்கள் கழித்து இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தேன். குடை விஷயம் நன்றாக நினைவில் இருந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லியும் இருந்தேன். ஆனால் அவரைத் திமிர் பிடித்தவர் என்று எழுதியது அடியோடு மறந்து போயிருந்தது. நினைவு என் தப்பை மட்டும் நாசூக்காகத் துடைத்து வைத்திருந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால், 'நல்ல மனிதர்கள், பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது' என்று இன்றைக்கும் அளந்துகொண்டிருப்பேன். சிரிப்பை வைத்து மனிதர்களை எடை போடும் பழக்கம் எனக்கு இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

டார்வினுக்கே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் போன அவர் குறிப்பெடுப்பதில் சளைத்தவர் இல்லை. 1835இல் பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் சுமார் ஐந்து வாரங்கள் இருந்தார். ஓர் ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்றார் அங்கிருந்த துணை ஆளுநர். டார்வின் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் தீவுகளில் உயிரினங்கள் வேறுபடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதனால் பிடித்த குருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தீவு என்று சீட்டு எழுதாமல் விட்டார். 1837இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவற்றைத் தனித்தனி இனங்கள் என்று பிரித்துக் காட்டியதும், கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் உள்ளிட்டோர் தீவின் பெயரோடு வைத்திருந்த பறவைகளைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. இரண்டு தீவுகளின் சேகரிப்பைக் கலந்துவிட்டேன் என்று தன் பயண நூலிலேயே எழுதியிருக்கிறார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

படம் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. வேடிக்கை என்னவென்றால், பொருளின் ஏதாவது ஒரு பகுதியை நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை தென்படவில்லை. என் செல்போனில் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் படங்களில் நெருக்கி எடுத்தவை பத்துத் தேறினால் அதிகம்.

இப்போது நோட்டின் இடது பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். நான் நினைத்தது வலது பக்கத்துக்குப் போகும். அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாள் காலைக்குள் மனம் கதையைச் சீர் செய்துவிடும். பிறர் படிக்கப்போகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தால் காரியம் கெட்டது, நம்மை அறியாமலே நல்லவர் வேஷம் கட்டிவிடுவோம். அன்றைக்கு இப்படி எழுதியிருந்தால் 'திமிர்' வலது பக்கத்தில் தனியாக நின்றிருக்கும். இடது பக்கத்தில் 'அரை மணி நேர வரிசை, ஒரே ஆள்' என்று இருந்திருக்கும். அத்தனை பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் ஒருவர் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைக்க வேண்டும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன் என்ற கேள்வி அன்றிரவே எழுந்திருக்குமோ என்னவோ.

அந்த முதல் நாள் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒருமுறை தோன்றியது. கிழிக்கவில்லை. சொல்லை அடிக்கவும் இல்லை. ஓரத்தில் 'ஆறாம் நாள் பார்க்க' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.